பத்தொன்பதாம் அறை

அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பதினேழு வருடமாக ஒரே வளாகத்தில் வேலை செய்கிறோம். அவருடைய மேசைக்குப் பின்னால் நாற்காலி ஒன்று இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதில் கோப்புகள் உட்கார்ந்திருக்கும், பெயர் அட்டைப் பெட்டி உட்கார்ந்திருக்கும், யாரோ மறந்துவிட்டுப் போன குடை உட்கார்ந்திருக்கும். அக்கா மட்டும் நின்றுகொண்டே தட்டச்சு செய்வார், நின்றுகொண்டே சாப்பிடுவார், போன் அடித்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார். அவர் வீட்டுக்காரர் பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரர். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்தவர் என்னிடம் சொன்னார்: "அவ உக்காந்து சாப்பிட்டு நான் பார்த்தது எங்க கல்யாணத்தன்னிக்குத்தான். அதுவும் போட்டோக்காரர் விடலைங்கறதால."

எங்களுடையது கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் ஆராய்கிற நிறுவனம். இங்கே வேலை செய்கிறவர்கள் நிரந்தரமாக இருப்பது குறைவு. வருகிறவர்களும் போகிறவர்களும்தான் அதிகம். ஐந்து நாள் பயிலரங்கு, ஆறு வார ஆய்வரங்கம் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அதையெல்லாம் ஒருங்கிணைப்பது அக்கா. விருந்தினர் விடுதியின் இருபத்துநாலு அறைக்கும் பொறுப்பு நான். அவர் ஆட்களை அழைப்பார், நான் படுக்க இடம் கொடுப்பேன், அவ்வளவுதான் உறவு. ஆனால் நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது.

அக்காவுக்குக் கணக்கு சுத்தமாக வராது. மகளுடைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்தே தலைதெறிக்க ஓடியவர். ஆனால் கணக்கு போடுகிறவர்களை அவருக்குத் தெரியும். யாருக்குக் காப்பி இறங்காமல் வாய் திறக்காது, யார் நாற்பது நிமிடம் என்று சொல்லிவிட்டு எண்பது நிமிடம் பேசுவார், எந்த இருவரை அடுத்தடுத்த அறையில் போட்டால் ஏழு வருடப் பழைய சண்டை மறுபடி கிளம்பும், எல்லாம் விரல் நுனியில். நாற்பது பேரிடம் உரைத் தலைப்பு கேட்டால் முப்பத்தொரு பேர் 'பின்னர் அறிவிக்கிறேன்' என்று எழுதி அனுப்புவார்கள். அந்த முப்பத்தொரு பேரின் தலைப்பையும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கி அட்டவணையில் போடுவார். கணிதக்காரர்களுக்குக் கரும்பலகையும் சாக்பீசும் வேண்டும். இயற்பியல்காரர்களுக்குத் திரை வேண்டும். கணிதக்காரர் "நிரூபிச்சாச்சா?" என்பார். இயற்பியல்காரர் "உண்மைன்னு தெரியும், நிரூபிக்கிறது உங்க வேலை" என்பார். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே கூரைக்குக் கீழே ஆறு வாரம் கட்டி மேய்ப்பது சாதாரண வேலையா?

அட்டவணையில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அக்கா ஒன்றுமே போடமாட்டார். வெறும் கட்டம். "எதுக்குக்கா இவ்வளவு நேரத்தை வீணாக்குறீங்க?" என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டேன்.

"காலையில எல்லாரும் பேசுவாங்க, யாரும் கேக்கமாட்டாங்க. அந்த ரெண்டு மணி நேரத்துலதான் ஒருத்தர் சட்டையைப் பிடிச்சு ஒருத்தர் கேப்பாங்க" என்றார். எனக்கு என்ன தெரியும்? தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இனிமேல்தான் பத்தொன்பதாம் அறை வருகிறது. அதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். அது விடுதியின் நல்ல அறை. மூலையில் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஜன்னல், சுவர் முழுக்கக் கரும்பலகை. அதற்கு ஆள் அடித்துக்கொள்வார்கள். மூன்று வருடம் தொடர்ந்து அக்கா அதை ஒரே ஆளுக்கு ஒதுக்கினார். அந்த ஆள் ஒரு தடவைகூட வரவில்லை. வாசலில் பெயர் அட்டை தொங்கும், உள்ளே கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடக்கும். விடுதி நிறைந்து வழிகிறபோது ஒரு நல்ல அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு மேலிடத்துக்கு விளக்கம் எழுதுவது யார்? நான்தான்.

அந்த ஆள் வேறு நாட்டில், ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் வாத்தியார். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் 'பத்தொன்பது' என்றே பெயர் விழுந்துவிட்டது. இயற்பியல்காரர்கள் இருபது வருடமாக உண்மையென்று நம்பிப் பயன்படுத்திவந்த ஒரு வாய்பாட்டை, அவர் தனியாக உட்கார்ந்து நிரூபித்துவிட்டதாகச் சொன்னார். நூற்றுநாற்பது பக்கம். படித்தவர்கள் முதல் முப்பது பக்கத்திலேயே வழி தெரியாமல் நின்றார்கள். ஆள் நேரில் வந்து, பலகையில் எழுதி, குறுக்குக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் ஆயிற்று. திரை வழியாகப் பேசவைத்தும் பார்த்தார்கள். மனிதர் நாலு பலகைக்கும் நடுவே நடந்துகொண்டே யோசிக்கிறவர். திரையில் பாதி நேரம் காலி நாற்காலிதான் தெரிந்தது.

முதல் வருடம் அவருக்கு விசா மறுக்கப்பட்டது. அது அக்காவின் கை வேலை. எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு: விருந்தினரைக் காலக்கெடு சொல்லி விரட்டமாட்டோம், எடுத்த கணக்கு முடிகிறவரை இருக்கலாம். அழைப்புக் கடிதத்தில் அக்கா எப்போதும்போல அதையே பெருமையாக எழுதிவிட்டார்: 'பணி முடியும் வரை தாங்கள் இங்கே தங்கலாம்.' விசா அதிகாரிக்கு அது எப்படிப் படும்? வந்தவன் திரும்பமாட்டான் என்று பட்டிருக்கிறது. நிராகரித்துவிட்டார்கள்.

இரண்டாம் வருடம் அக்கா தேதி போட்டுக் கடிதம் எழுதினார். நேர்காணலில் அதிகாரி பத்தொன்பதிடம், "நிச்சயமாகத் திரும்பி வருவீர்களா?" என்று கேட்டிருக்கிறார். உலகத்தில் வேறு யாராயிருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டு முத்திரையை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாளைக்கு நடக்கப்போறதை நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாது. வாய்ப்பு அதிகம்னு வேணா சொல்லலாம்" என்றாராம். கேட்டதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூன்றாம் வருடம் கேள்வியே இல்லை. முன்னால் இரண்டு தடவை மறுத்திருக்கிறது என்பதைக் காட்டியே மறுத்துவிட்டார்கள்.

"உங்களுக்கு என்னக்கா வந்துச்சு? வேற ஆளே இல்லையா?" என்று கத்தினேன்.

"மொத தடவை நான் ஒழுங்கா எழுதியிருந்தா அவர் எப்பவோ வந்துட்டுப் போயிருப்பார். அவர் பாஸ்போர்ட்டுல கறை பண்ணது நான். அதைத் துடைக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது" என்றார். நான் மேலிடத்துக்கு விளக்கம் எழுதப் போய்விட்டேன்.

இது நாலாம் வருடம். இந்த ஆறு வார ஆய்வரங்கத்துக்கு, அந்த நிரூபணத்தைத் தொட்டுப் பார்க்கத் தகுதியான மூன்று பேராசிரியர்களும் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேரும் மூன்று கண்டத்துக்காரர்கள். அவர்களை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பிடிக்க அக்கா பதினாலு மாதம் அலைந்தார். இனி இவர்கள் இப்படிக் கூடப்போவதில்லை. மூவரில் மூத்தவர், எல்லோரும் மீசைக்காரர் என்று கூப்பிடுகிறவர், அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். இந்த முறை பத்தொன்பது வரவில்லையென்றால் அந்த நூற்றுநாற்பது பக்கம் அப்படியே கிடந்து மட்க வேண்டியதுதான். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்கு உரை. அதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை விசா நேர்காணல். எவ்வளவு நெருக்கம், பாருங்கள்.

புதன்கிழமை அக்கா அவருக்குப் போன் போட்டார். நான் துவாலைக் கணக்கு கொடுக்கப் போனவன் மாட்டிக்கொண்டேன். போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அக்கா மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"ஐயா, திரும்பி வருவீங்களான்னு கேட்டா, ஆமான்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல வேண்டாம்."

"அது எப்படிங்க? வழியில எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? நான் சொன்னது பொய்யாயிடுமே."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது!"

"அதுக்கு நிரூபணம் இல்லையே."

நான் பக்கத்தில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்று பார்த்தேன். அக்கா மேசையை இன்னொரு சுற்று சுற்றினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சரி, விடுங்க. அங்க உங்களுக்கு என்னென்ன வேலை இருக்கு? அடுத்த மாசம் என்ன பண்ணணும்?"

"கல்லூரியில தேர்வு. இருபத்தோராம் தேதி. வினாத்தாள் அலமாரிக்கு நான்தான் பொறுப்பு. சாவி ஒண்ணுதான் இருக்கு, அது என்கிட்டதான்."

அக்கா நின்றுவிட்டார். "அந்தச் சாவி இப்ப எங்க இருக்கு?"

"சட்டைப் பையில. எப்பவும் அங்கதான் இருக்கும்."

"அப்ப நாளைக்கு அதையே சொல்லுங்க. திரும்பி வருவீங்களான்னு கேட்டா, வினாத்தாள் அலமாரிச் சாவி என்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

அந்தப் பக்கம் யோசிக்கிற சத்தம்கூடக் கேட்டது என்று சொல்லுவேன். "ஆமா. உண்மைதான். அதைச் சொல்லலாம்" என்றார்.

வியாழனும் போனது, வெள்ளியும் போனது. பதில் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அக்கா படுத்திய பாடு இருக்கிறதே! பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விடுதிக்கு வந்து பத்தொன்பதாம் அறையைத் திறக்கச் சொல்வார். "குழாயில தண்ணி வருதா? சாக்பீஸ் இருக்கா? தூசி பறக்காத சாக்பீஸா?" தண்ணீர் வருகிறது, சாக்பீஸ் இருக்கிறது, வரவேண்டிய ஆள்தான் இல்லை என்று எரிந்து விழுந்தேன். கருத்தரங்கக் கூடத்தில் நாற்காலிகளை எண்ணுவார், வெளியே வருவார், எண்ணியதை மறந்துவிட்டு மறுபடி போய் எண்ணுவார். வெள்ளிக்கிழமை குழுப் புகைப்படம் எடுக்கும்போது படத்தில் அக்கா மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறார். அரை நொடி நிற்க முடியவில்லை. மகள் போனில் "அம்மா, நீ உக்காந்தா பூமி நின்னுடுமா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்டி, நீ வேற" என்று வைத்துவிட்டார். எனக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. கொடுத்துவிட்டார்கள். அதிகாரி கேள்வி கேட்டிருக்கிறார், இவர் சட்டைப் பையிலிருந்து சாவியையே எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். அதிகாரி சிரித்தாராம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், "விமான நிலையத்துக்கு வண்டி சொல்லணும்" என்று ஓடிவிட்டார்.

திங்கட்கிழமை பத்தொன்பது வந்து இறங்கினார். நாலு வருடமாக என்னை ஆட்டிப்படைத்த ஆள் எப்படி இருப்பாரோ என்று பார்த்தால், ஒல்லியாக, பழைய தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில் நனைந்த மாதிரி நின்றார். அன்று மழையே இல்லை. அறையைத் திறந்து காட்டினேன். சுவர் முழுக்க இருந்த பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். "மூணு வருஷமும் இது காலியாவா இருந்துச்சு?" என்று கேட்டார். சுருக்கென்றது. "உங்களுக்காகத்தான் வெச்சிருந்தோம்" என்று, நான்தான் ஆசைப்பட்டு வைத்திருந்த மாதிரி சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மூன்று பேராசிரியர்கள். அக்கா கதவருகே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் அவருக்குப் பின்னால். முதல் பலகை முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மீசைக்காரர் ஒரு கேள்வி கேட்டார், இவர் பதில் சொன்னார், அவர் தலையாட்டினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. மூன்றாவது பலகையில் பாதியில் மீசைக்காரர் மறுபடி கையைத் தூக்கினார். "இந்த வரி ஏன்?" என்றார். அவ்வளவுதான்.

பத்தொன்பது அந்த வரியைப் பார்த்தார். சாக்பீசைத் தட்டில் வைத்தார், மறுபடி எடுத்தார். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தெளிவாகச் சொன்னார்: "இது நிச்சயம்னு எடுத்துக்கிட்டேன். நிரூபிக்கலை. இங்க ஓட்டை இருக்கு." சொல்லிவிட்டு முன்வரிசை ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்காவின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. வெளியே தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்பி நடந்தார். "எல்லாம் என்னாலதான்" என்றார். "மொத வருஷமே வந்திருந்தா மொத வருஷமே இது தெரிஞ்சிருக்கும். ஓட்டை மேலயே இன்னும் மூணு வருஷம் வீடு கட்டியிருக்கார். அந்த மூணு வருஷத்தை யார் திருப்பிக் குடுப்பா?" நான் ஏதோ சமாதானம் சொன்னேன், என்னவென்று நினைவில்லை. அந்த வழியாகப் போன இயக்குநர் என்னிடம், "பத்தொன்பதை அடுத்த வருஷம் வேற யாருக்காவது குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அக்கா காதில் விழாமல் இருந்திருக்கலாம். விழுந்துவிட்டது.

காப்பி இடைவேளையில் பத்தொன்பது தாமாகவே அக்காவைத் தேடி வந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவர் விடவில்லை. "நீங்க ஏன் அழுறீங்க? எங்க ஊர்ல இதைக் கேக்க ஆள் இல்லைங்க. அங்கயே இருந்திருந்தா சாகுற வரைக்கும் சரின்னே நெனச்சுட்டு இருந்திருப்பேன். எவ்வளவு கேவலம்!" என்றார். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார். கிறுக்கு மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் இரண்டிலிருந்து நாலு வரை, அக்கா காலியாக விட்ட கட்டத்தில், அந்த மூன்று பேரும் இவரும் பத்தொன்பதாம் அறையில் கூடினார்கள். நாலு மணிக்கு முடியவேண்டியது ஏழு வரை போகும். பக்கத்து அறைக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று என்னிடம் புகார் சொன்னார்கள். போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பினேன். அக்கா வாசலில் காப்பிக் குடுவையோடு போய் நிற்பார், உள்ளே காது கொடுப்பார், ஒன்றும் புரியாமல் திரும்புவார். மூன்று வாரத்தில் ஓட்டை பாதி அடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். பாதி எப்படி அடையும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஐந்தாவது வாரக் கடைசியில் மீசைக்காரர் பத்தொன்பதின் தோளைப் பிடித்துக்கொண்டார். "விசாவுல இன்னும் பத்து நாள் இருக்கு. இருந்து முடிச்சுட்டுப் போங்க. கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு" என்று கெஞ்சாத குறை.

பத்தொன்பது சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "அலமாரிச் சாவி என்கிட்ட இருக்கு. பிள்ளைங்க தேர்வு எழுதணும்" என்றார். அவ்வளவுதான். பையைக் கட்டிவிட்டார்.

வண்டி வந்து நின்றது. இயக்குநர் சொன்னது அக்காவின் மனதில் குடைந்துகொண்டே இருந்திருக்கிறது. கதவைச் சாத்துமுன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டார்: "அடுத்த வருஷம் வந்து முடிப்பீங்கதானே?"

மனிதர் யோசித்தார். பாவி, பொய்யாவது சொல்லக்கூடாதா? "நிச்சயமா சொல்ல முடியாதுங்க" என்றார். வண்டி போய்விட்டது. அக்கா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அலுவலகத்துக்குப் போய், அடுத்த பயிலரங்கின் பெயர் அட்டைகளை அடுக்கவும் கலைக்கவுமாக இருந்தார்.

நான் விடுதிக்கு வந்தேன். சாவிப் பலகையைப் பார்த்தேன். பத்தொன்பதாம் ஆணியில் சாவி இல்லை. எனக்கு வந்ததே கோபம்! இத்தனை மண்டை உள்ள ஆளுக்கு ஒரு சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதா? நேராக அக்காவிடம் போய்க் குதித்தேன். "உங்க ஆள் அறைச் சாவியைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். போன் போடுங்க, வண்டியைத் திருப்பச் சொல்லுங்க!"

அக்கா போனை ஒலிபெருக்கியில் போட்டு, வழக்கம்போல நடந்துகொண்டே பேசினார். "ஐயா, மன்னிக்கணும். பத்தொன்பதாம் அறைச் சாவி உங்ககிட்ட தப்பா வந்துடுச்சு போல."

"தப்பா இல்லைங்க. தெரிஞ்சுதான் எடுத்துட்டு வந்தேன்" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. "அடுத்த வருஷம் நான் வருவேனான்னு யாராவது கேட்டா, சாவி என்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க."

அக்கா நடையை நிறுத்தினார். நாற்காலியின் மேலிருந்த கோப்புகளை அப்படியே வாரித் தரையில் வைத்தார், குடையை என் கையில் கொடுத்தார். உட்கார்ந்தார். நான் பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சாவிக்காகக் கத்திக்கொண்டிருந்தேன்.